ஜெயரட்ணத்தின் ஃபயர்வோலும் சம்பல் உப்பும்

ஒன்ராறியோ ஏரியோரம் பார்க்டேலில் எனக்கு எதிர்க் கதவு ஜெயரட்ணம். அவருடைய கம்ப்யூட்டர் விட்ட சூட்டில், 1999 குளிர்காலம் முழுவதும் எங்கள் மாடிக்குக் கட்டடத்துக்காரன் ஹீற்றர் போடவில்லை. நம்பாதவர்கள் வந்து விசாரிக்கலாம்.

இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் செத்துப்போகும் என்ற பயத்தில் அவர் தன்னுடையதை இயக்கும் லினக்ஸின் புதிய பதிப்பை ஏற்றினார். மகளின் பிள்ளைப்பேற்றுக்கு மனைவி அருள்மலர் ஒஸ்லோ போன அதே நாள். அதன்பின் மனைவியிடமிருந்து ஒரு ஈமெயிலும் இல்லை.

"கோவம் அண்ணை. எயார்போட்டில, அவ இடிச்ச தேங்காய்ச் சம்பலுக்கு உப்புக் கூட எண்டு சொல்லிப்போட்டன்" என்றார் ஜெயரட்ணம்.

அந்தச் சம்பலின் மிச்சத்தைத் தின்ற அணில் ஒன்று ஒன்ராறியோ ஏரியில் குடித்த குடியில் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியது. என்றாலும் எயார்போட்டில் சொல்லியிருக்கக் கூடாது.

"போன் எடுத்துக் கேளுமன் ஐசே."

"அவ போனை வைச்சிட்டா எண்டா?"

தினமும் மன்னிப்புக் கேட்டு எழுதினார். எழுதியது போனது; பதில்தான் வரவில்லை.

"உமக்கு விளம்பர ஈமெயிலும் வாறேல்லைத்தானே. அவையளும் கோவமோ?" என்றேன்.

அதன்பிறகுதான், ஈமெயில் நேரே வந்திறங்கும் தன் கம்ப்யூட்டரின் வாசற்காவலான ஃபயர்வோலைப் பார்த்தார். புதிய பதிப்புக்காக அதன் விதிகளைத் திரும்ப எழுதியிருந்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணை. 'வெளியில இருந்து ஆர் தட்டினாலும் விடாதை.' பிறகு, 'ஈமெயில் எண்டா விடு.'"

எனக்கு அலுத்துவிட்டது. ஸ்காபரோக் கல்யாணத்தில் பட்ட அவமானத்தைச் சொன்னேன். "ஊரில பிந்திப் போனாலும் என்னை முன்பந்தியில இருத்துவினம். இஞ்சை வரிசையின்ரை கடைசியில விட்டிட்டாங்கள். நான் போய்ச்சேர முதல் கட்லற் முடிஞ்சுபோச்சு!"

ஜெயரட்ணம் துள்ளி எழும்பினார்.

"அதண்ணை! பழைய பதிப்பில பிந்தி எழுதின விதியை முன்னுக்கு இருத்தினனான். புதுசில கடைசியில விட்டிட்டன். காவல்காரன் மேலையிருந்து வாசிக்கிறான். முதல்ல 'விடாதை'யைக் கண்டவுடன கதவைச் சாத்திப்போடுறான். 'விடு' வரைக்கும் வாறதேயில்லை!"

'விடு'வை மேலே ஏற்றினார். ஒஸ்லோக் கம்ப்யூட்டர் இவ்வளவு நாளும் சலிக்காமல் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கடிதங்கள் பொலபொலவென்று விழுந்தன. முதலாவது: "சுகமாய் வந்து சேந்திட்டன்." கடைசி: "உப்புக் கூடத்தான். ஏனப்பா நெடுக மன்னிப்புக் கேக்கிறியள்? காய்ச்சலோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கண்ணை. நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினார்.

உடனே பதில் வந்தது. "திருத்தினது நல்லம். ஆனா கிழமைக்கு ஒருக்காப் பழுதாக்குங்கோ. அப்பதான் எனக்கு நாளும் எழுதுவியள். நீங்கள் எழுதினதை வாசிக்க ஆசையாயிருக்கு."

அருள்மலர் திரும்பி வரும்வரை அந்த ஃபயர்வோல் கிழமைக்கு ஒருமுறை தவறாமல் பழுதானது. லினக்ஸின் குணம் அது.