நிறையாத இரண்டு வாளிகள்

வியாழக்கிழமை காலையில் வாளியின் மூடியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் முழுக்க வியர்த்து, நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. மேலாக இருந்த ஒரு பிஸ்கட்டை எடுத்து ஒடித்தேன். ஒடியவில்லை, வளைந்தது. இஞ்சி பிஸ்கட் வளைந்தால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

"மொசிதி, இங்க வா."

என் மகள் போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"நேத்து இதைச் சூட்டோட மூடி வச்சியா?"

"ஈ மொய்க்குமேன்னு மூடினேன்மா."

"ஈ மொய்ச்சிருந்தா நாலு பிஸ்கட் போயிருக்கும். இப்போ இருபது லிட்டர் வாளி மொத்தமும் போச்சு."

"பல்லில்லாதவங்களுக்கு ஆகுமே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மூடியாலேயே ஒன்று வைத்திருப்பேன். புருஷன் வீட்டுக்குப் போய்விட்ட பெண்ணை அடிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இது முதல் தடவையாக இருந்தால் பரவாயில்லை. திங்கட்கிழமை பிசைந்த மாவில் சுக்குப் பொடியே போடவில்லை. இஞ்சி பிஸ்கட்டில் இஞ்சியை மறக்கிற ஒருத்தியை எங்கள் ஊர் போட்ஷாபெலோ முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது, என் வயிற்றில்தான் வந்து பிறந்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை நான்கு தட்டும் கரிந்தன. துணி காயப்போடப் போனாளாம், மறந்துவிட்டாளாம். புதன்கிழமை ஒழுங்காக வெந்தது, அதை இப்படி மூடித் தொலைத்தாள். சனிக்கிழமை மத்தியானம் அவளுடைய புருஷனின் அத்தை யூனிஸ் வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள், மொசிதியை அவர்கள் ஊரான க்வாக்வாவுக்குத் திரும்பக் கூட்டிப்போக.

கல்யாணமான பெண் முதல் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பிறந்த வீட்டுக்கு வந்தால், திரும்பும்போது இரண்டு பெயிண்ட் வாளி நிறைய பிஸ்கட்டோடுதான் மாமியார் வாசலை மிதிக்க வேண்டும். அதுவும் அவள் கையால் சுட்டது. அங்கே வாளியை முற்றத்தில் வைத்து, மூடியைத் திறந்து, எத்தனை விரல்கடை குறைகிறது என்று பார்ப்பார்கள். குறைந்தால் அடுத்த கிறிஸ்துமஸ் வரை அதே பேச்சுதான். வாளியே இல்லாமல் போகிற பெண்ணைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. என் பெண் அப்படிப் போய் நிற்கக் கூடாது என்று நான் நான்கு நாளாக மாவும் கையுமாகச் செத்துக்கொண்டிருக்கிறேன், இவளானால் பல்லில்லாதவர்களைப் பற்றிக் கவலைப்படுகிறாள்.

என் புருஷன் ஹெண்ட்ரிக் வளைந்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்து மென்றார். சுக்கில்லாததையும் தின்றார், கரிந்ததையும் சுரண்டித் தின்றார்.

"நல்லாத்தான இருக்கு," என்றார்.

"உங்களுக்கு எதுதான் நல்லா இல்ல?"

அவர் இன்னும் இரண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுபடியும் மாவு மூட்டையைப் பிரித்தேன். குழந்தையைக் குளிப்பாட்டுகிற அளவுக்குப் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் மாவைக் கொட்டி, மார்ஜரினைத் தேய்த்து, சர்க்கரைப் பாகு ஊற்றி, சோடா போட்டு, சுக்குப் பொடியை இந்தத் தடவை நானே அளந்து போட்டேன். பிசைந்து பிசைந்து என் தோள்பட்டை கழன்றது. பன்னிரண்டு மணிக்கு மின்வெட்டு. அதற்குள் முதல் நான்கு தட்டையாவது உள்ளே தள்ளிவிட வேண்டும்.

"உருட்டு," என்று மொசிதியிடம் சொல்லிவிட்டு, தட்டுகளுக்கு நெய் தடவ உட்கார்ந்தேன். "ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கணும். உன்னோடது எலுமிச்சை அளவு ஒண்ணு, முட்டை அளவு ஒண்ணு இருக்கும்."

அவள் உருட்ட ஆரம்பித்தாள். இரண்டாவது தட்டுக்கு நெய் தடவி நிமிர்ந்தபோது முதல் தட்டு நிறைந்திருந்தது. நான் தட்டைப் பார்த்தேன். அத்தனையும் ஒரே அளவு. பிறகு அவள் கையைப் பார்த்தேன். இரண்டு கையிலும் ஒவ்வொரு உருண்டை, ஒரே நேரத்தில் உருளுகிறது, கண் மாவின் மேல்கூட இல்லை, ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ இருக்கிறது. முள்கரண்டியைத் தண்ணீரில் தொட்டு வரிசையாக அழுத்திக்கொண்டு போனாள். ஓவன் கதவைத் திறந்து, உள்ளே ஒரு சிட்டிகை மாவைத் தூவி, அது பழுக்கிற நிறத்தைப் பார்த்து, திருகைச் சற்றே குறைத்தாள்.

இதையெல்லாம் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பரீட்சை, கல்லூரி, பரீட்சை என்று கல்யாணம் வரை இந்த வீட்டில் அவள் மாவைத் தொட்டதே கிடையாது. இத்தனை தெரிந்த கை சுக்குப் பொடியை மறக்குமா? சூட்டோடு மூடுமா?

தட்டைத் தூக்கி உள்ளே வைக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து விளக்கு அணைந்தது. பன்னிரண்டு ஆக இன்னும் கால் மணி நேரம் இருந்தது. போனில் அட்டவணை போட்டு அனுப்புகிறவர்கள் அதையாவது மதித்தால் என்ன?

இரண்டரை வரை ஒன்றும் செய்ய முடியாது. உருட்டி வைத்த மாவுக்கு எதிரே ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தோம்.

"எங்க கத்துக்கிட்ட?" என்றேன்.

"எதை?"

"என்கிட்ட விளையாடாத."

அவள் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். முழங்கைக்குக் கீழே ஏழெட்டுத் தழும்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக, சில கறுத்து, இரண்டு இன்னும் சிவப்பாக. ஓவன் கதவின் விளிம்பு பட்டால் அப்படித்தான் கோடாக விழும். டிசம்பர் மாதக் கோடை வெயிலில் இரண்டு வாரமாக ஏன் முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறாள் என்று நான் ஒரு தடவையாவது கேட்டேனா?

"அங்க வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சுடணும்மா. சனிக்கிழமை சாவு அடக்கம் வரும்ல. அடக்கச் செலவு, சாப்பாடு எல்லாம் பாத்துக்கற சாவுச் சங்கத்துக்கு என் மாமியார்தான் தலைவி. ஒரு சாவுன்னா மூணு வாளி. போன மாசம் ஒரே வாரத்துல நாலு சாவு. புதன்கிழமையே ஆரம்பிச்சேன். முடிச்சுட்டுப் பாத்திரம், அப்புறம் எல்லாருக்கும் குளிக்க வெந்நி. உக்காந்தா, மருமக உக்காந்துட்டான்னு பேச்சு."

"உன் புருஷன் மொலெஃபி என்ன சொல்றான்?"

"அவன் ருஸ்டன்பர்க் சுரங்கத்துல கெடக்கான். மாசத்துக்கு ஒரு தடவ வரான். நான் அங்க வந்துடறேன்னு சொன்னா சரின்னு சொல்றான், மாமி ஒரு வருஷம் ஆகட்டும்ங்கறாங்க. நான் மொலெஃபிக்கு வாக்கப்பட்டேனா, ஓவனுக்கு வாக்கப்பட்டேனான்னு எனக்கே தெரியல."

"வேற யாரும் இல்லையா அந்த ஊர்ல சுடறதுக்கு? உன்னையே ஏன் புடிச்சாங்க?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"நீதானம்மா சொன்ன."

நான்தான் சொன்னேன். ஈஸ்டருக்கு அடுத்த வாரம், கல்யாணத்தன்று, இரண்டு குடும்பமும் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்தபோது, மொலெஃபியின் அம்மா ஒரு பிஸ்கட்டைக் கடித்துவிட்டு, "இதை யார் சுட்டது?" என்று கேட்டாள். ஐந்து வாளி, முழுக்க என் கை. நான் எழுந்து நின்று, "எல்லாம் உங்க மருமக சுட்டதுதான். மாவுன்னா அவளுக்கு உயிர்," என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். பெண்கள் குலவையிட்டார்கள். எனக்கு அப்படி ஒரு பெருமை. அந்தக் கூடாரத்தில் எந்த அம்மா உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் சொன்னது நான்.

"அதான் இந்த வாளி நெறையக் கூடாதுன்னு பார்த்தியா?"

"வாளி இல்லாம நீ அனுப்பமாட்ட."

"வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல. ரெண்டு மூட்டை மாவு. என் தோளு."

"சொன்னா நீ என்ன சொல்லியிருப்ப?"

பொறுத்துக்கோ, எல்லா மருமகளும் அப்படித்தான் என்று சொல்லியிருப்பேன். அப்போதுகூட அது என் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதை விழுங்குவதற்கு எனக்கு ஒரு நாள் பிடித்தது. கரண்ட் வந்தபோது நாங்கள் இருவருமே எழுந்திருக்கவில்லை. மாவு அப்படியே காய்ந்து வெடித்தது. என் வீட்டில் மாவு வீணாவதை நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை இரண்டு வாளியையும் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தேன். ஹெண்ட்ரிக் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"நாளைக்கு வராங்களே," என்றார்.

"வரட்டும்."

"வாளி காலியா இருக்கே."

"கண்ணு நல்லாத்தான் தெரியுது உங்களுக்கு."

சனிக்கிழமை யூனிஸ் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றாள். ஐம்பத்தெட்டு வயதில் க்வாக்வா மலைப்பாதையில் தானே வண்டி ஓட்டி வருகிற மனுஷி. தோளில் சால்வையைச் சரிசெய்துகொண்டே உள்ளே வந்தாள், வாழ்த்து சொன்னாள், உட்காருவதற்கு முன்னால், உள்ளே மூடி வைத்திருந்த வாளியின் பக்கத்தில் போய்க் கைமுட்டியால் ஒரு தட்டு தட்டினாள். வெற்று வாளி எப்படிச் சத்தம் போடும் என்று சொல்லவேண்டுமா? மூடியைத் திறந்து பார்த்தாள். இரண்டாவதையும் திறந்தாள். ஹெண்ட்ரிக், தோட்டத்துக் குழாய் ஒழுகுகிறது என்று எழுந்து போனார். குழாய் ஒழுகவில்லை.

"என்ன சம்பந்தி இது?" என்றாள் யூனிஸ்.

"மொசிதி இன்னிக்கு வரல. வாளியும் வராது."

"யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல. கல்யாணத்துல நான் பொய் சொன்னேன். அந்த அஞ்சு வாளியும் நான் சுட்டது. இவளுக்கு அன்னிக்குச் சோடா எது, மாவு எதுன்னே தெரியாது. மாவுன்னா உயிர்னு நான்தான் கதை விட்டேன். அதைக் கேட்டு உங்க வீட்ல இவளை ஓவன்கிட்ட நிறுத்திட்டாங்க. கையைக் காட்டு மொசிதி."

மொசிதி காட்டவில்லை. நானே பிடித்துச் சட்டையை ஏற்றினேன். யூனிஸ் பார்த்தாள்.

"இதை என்னால போய்ச் சொல்ல முடியாது," என்றாள். "நீங்க சொன்ன பொய், நீங்களே சொல்லுங்க." போனை எடுத்து அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, மேஜைமேல் வைத்தாள்.

மொலெஃபியின் அம்மா எடுத்தாள். பின்னால் பெண்கள் பேச்சும் கோப்பைச் சத்தமும். சனிக்கிழமை மத்தியானம், அடக்கம் முடிந்து சங்கத்துப் பெண்கள் எல்லாரும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐம்பது வயதில், எனக்கென்று இந்த உலகத்தில் ஒரு பேர் உண்டென்றால் அது என் பிஸ்கட்டும் என் வாக்கும்தான். சொன்னேன். முதலில் சொன்னது சரியாகக் கேட்கவில்லையாம், இன்னொரு தடவை உரக்கச் சொல்ல வைத்தாள். சொன்னேன். அந்தப் பக்கம் கோப்பைச் சத்தம் நின்றுவிட்டது.

"ரெண்டு குடும்பத்துக்கு முன்னாடியா பொய் சொன்னீங்க?" என்றாள் அவள்.

"ரெண்டு குடும்பத்துக்கு முன்னாடிதான்."

"அப்போ அடுத்த சனிக்கிழமை சாவுக்கு யாரு சுடறது?"

இந்த மனுஷிக்கு அதுதான் கேள்வி.

"உங்களுக்கும் ரெண்டு கை இருக்குல்ல சம்பந்தி," என்றேன். "மொசிதி இங்க இருப்பா. மொலெஃபி வந்து ருஸ்டன்பர்க்குக் கூட்டிட்டுப் போகட்டும். அவன் வந்து கூப்பிடற வரைக்கும் நான் அனுப்பமாட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள், யாரோ அதட்டினார்கள், போன் வைக்கப்பட்டது. இனி க்வாக்வாவில் நான் எந்தக் கூடாரத்திலும் தலை நிமிர்ந்து உட்கார முடியாது. மொசிதி சுவரோரமாக நின்று தேம்பிக்கொண்டிருந்தாள். "அழுது என்ன, தண்ணி கொதிக்க வை," என்று அவளைத் திட்டினேன்.

யூனிஸ் கிளம்புவாள் என்று நினைத்தேன். அவள் சால்வையை அவிழ்த்து நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். டீ வந்தது. தட்டில் வளைந்த பிஸ்கட்தான் இருந்தது, அதையே வைத்தோம். ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தாள், பிறகு தின்றாள்.

"என் கல்யாணத்துல எட்டு வாளி," என்றாள். "எங்கம்மா சுட்டது. அவளும் எழுந்து நின்னு உங்களை மாதிரியேதான் சொன்னா."

"அப்புறம்?"

"இருபத்தாறு வருஷம் என் மாமியார் வீட்ல சுட்டேன். என் புருஷன் செத்தப்ப வந்தவங்களுக்கும் நான்தான் சுட்டேன். எங்கம்மா சாகக் கெடக்கும்போது என்னைக் கூப்பிட்டு, அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுன்னு சொன்னா. என் காதுல மட்டும் சொன்னா."

டீயைக் குடித்து முடித்தாள். எழுந்து மொசிதியின் சட்டைக் கையைத் தானே இறக்கிவிட்டு, பொத்தானைப் போட்டுவிட்டாள். வண்டியின் காலியான முன் இருக்கையில் தன் பையை வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனாள்.