மாப்பிள்ளைக்குப் பிடித்த பிஸ்கட்

அந்தக் கடையில் சரக்கு வரவழைக்கும் வேலையைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைத்து ஓராண்டாகிறது. எது விற்கிறது, எது தூங்குகிறது என்று பார்த்து அதுவே ஆர்டர் போடும். எதையும் தூக்காது, எதையும் அடுக்காது, ஆனால் சொன்னது சொன்னபடி நடந்தாக வேண்டும். அதனால் ஊழியர்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை ஒன்றும் கெட்டவர் இல்லை. அவர் வந்த பிறகுதான் கெட்டுப்போன பாலைக் கொட்டுவது நின்றது, மேனேஜர் அக்காவும் நேரத்தோடு வீட்டுக்குப் போனாள்.

ஒரு நாள் மாப்பிள்ளை, இனி வரவழைக்க வேண்டாத சரக்குப் பட்டியலில் ஓர் உப்பு பிஸ்கட்டைச் சேர்த்தார். நீல உறை, சதுர பிஸ்கட். அதை வாங்குகிறவர் ஒரே ஒரு பஸ் டிரைவர். சனிக்கிழமைதோறும் மகளோடு வருவார். சின்னப் பெண், யார் முகத்தையும் பார்க்காது, பேச்சும் கிடையாது. பாலும் அந்த பிஸ்கட்டும்தான் அதன் சாப்பாடு. ஒரு தடவை வீட்டில் வேறு பிஸ்கட்டை அதே உறையில் போட்டு ஏமாற்றப் பார்த்தார்கள். பிள்ளை பட்டினி கிடந்தது.

ஒரு பிள்ளைக்காகவா என்று மேலிடத்தில் சிரிப்பார்கள் என மேனேஜர் அக்கா அவளாகவே முடிவு கட்டிக்கொண்டு, விற்பனை ஏறினால் மாப்பிள்ளை மனம் மாறுவார் என்று யாருக்கும் தெரியாமல் தினமும் ஒரு பாக்கெட் வாங்க ஆரம்பித்தாள்.

"நீ என்னைக் கட்டிக்கிட்டியா, பிஸ்கட் கம்பெனியைக் கட்டிக்கிட்டியா?" என்றார் வீட்டுக்காரர்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. பில் போடும் பெண்ணும், கிடங்கில் மூட்டை தூக்கும் ஒல்லியும், வாசல் காவலாளியும் இதே காரியத்தைத் தனித்தனியே செய்துகொண்டிருந்தார்கள். அவரவர் ரகசியம் அவரவர் பையில்.

விற்பனை ஏறுவதைப் பார்த்தால் மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? லாரி வந்து இறக்கியதில் கிடங்கு கூரையை முட்டியது. அதோடு விட்டாரா, மற்ற கிளைகளுக்கும் அனுப்பிவைத்தார். அங்கே ஒரு பாக்கெட்கூட நகரவில்லை.

சனிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். மாப்பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

"இங்க மட்டும் எப்படிக்கா இவ்வளவு போகுது?"

மேனேஜர் அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டாள். பொய் சொன்னால் இன்னொரு லாரி வரும். உண்மையைச் சொன்னால் பிஸ்கட் போய்விடும், பிள்ளை பட்டினி கிடக்கும்.

"நான்தாம்மா வாங்கினேன்," என்று ஒருவழியாகச் சொல்லி, காரணத்தையும் சொன்னாள்.

"நானும்தான்," என்றாள் பில் போடும் பெண்.

"எங்க வீட்டு நாய்கூட இப்பல்லாம் மோந்து பாத்துட்டுப் போயிடுதுங்க," என்றான் ஒல்லி. காவலாளியும் கையைத் தூக்கினார்.

வந்தவளுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"யார்கிட்ட? அதுகிட்டயா?"

"எங்கிட்ட. இதைத் தொடாதேன்னு பூட்டி வைக்க வழி இருக்கு. நீங்க யாரும் சொல்லலைன்னா அதுக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் எப்படித் தெரியும்?"

அங்கேயே நின்று தன் போனில் பூட்டினாள். காரணம் என்ற இடத்தில், 'ஒரு குழந்தை சாப்பிடுகிறது' என்று எழுதினாள். மேனேஜர் அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படியே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"இனிமே செத்தாலும் இந்த பிஸ்கட்டைத் தொடமாட்டேன்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் டிரைவர் மகளோடு வந்தார். மலையாகக் குவிந்திருந்த பெட்டிகளைப் பிள்ளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வழக்கம்போல அடித்தட்டின் ஓரத்தில் குனிந்து ஒரே ஒரு பாக்கெட்டை எடுத்தது. அப்பா பில் போட நிற்கும்போதே பிரித்து ஒன்றைத் தின்றது. பிறகு மேனேஜர் அக்காவிடம் போய், முகத்தைப் பார்க்காமல், அவள் உள்ளங்கையில் ஒரு பிஸ்கட்டை வைத்தது.

டிரைவர் பையில் விட்ட கையை எடுக்கவில்லை. "எனக்குக்கூட இதுவரைக்கும் குடுத்ததில்லக்கா," என்றார் மெதுவாக.

மேனேஜர் அக்கா அதைத் துளித்துளியாகக் கடித்து, கையில் ஒட்டியிருந்த தூள்வரைக்கும் தின்றாள். பிள்ளை காலியான கையைப் பார்த்துவிட்டு இன்னொன்றை வைத்தது. அதையும் தின்றாள்.