தவசியின் பொறுமை

தொண்ணூற்றொன்பதில் ஒரு ஆஸ்பத்திரியின் ரத்த வங்கிக்காக நான் எழுதிய புரோகிராம் ரொம்பச் சாதாரணமானது. கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வரும். பதில் அடித்தால் அடுத்தது வரும். அதைச் சோதிப்பது ஸ்வர்ணாவின் வேலை. நான் ஒரு வரியை மாற்றினாலும் அவள் முதல் கேள்வியிலிருந்து மறுபடி அடித்துப் பார்க்க வேண்டும். ஒருநாள் வெறுத்துப்போய், தனக்குப் பதிலாகப் பதில் அடிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டாள். இன்ன கேள்வி வந்தால் இன்ன பதிலை அடி, கேள்வி வரும்வரை காத்திரு. அதற்குத் தவசி என்று பெயர் வைத்தோம். விளாங்குடி மாடியில் இருந்த எங்கள் ஆபீஸில் பொறுமைசாலி என்றால் அவன் ஒருவன்தான்.

தவசி என் தப்புகளை வரிசையாகக் காட்டிக்கொடுத்தான். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனாலும் உள்ளூர நிம்மதி. என் தங்கை இருளாயிக்கு அந்த ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். உடம்பில் ரத்தம் குறைவு, ஏற்ற வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடைசியில் தவசியின் சோதனையில் எல்லாம் பாஸ். முதலாளி நாகசுப்பிரமணியன் எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கித் தந்தார்.

ஒத்திகைக்கு ஆஸ்பத்திரி போனோம். கவுண்டரில் அன்னக்கொடி சிஸ்டர். அரை நாளில் கேள்விகளின் வரிசை அவர் விரலுக்கு வந்துவிட்டது. நோயாளி எண், பை எண், சீட்டு அச்சிடலாமா என்றால் ஆமாம் என்பதற்கு ‘ஒய்’. கண் திரையில் இல்லை, எதிரில் நிற்கும் ஆளின் முகத்தில் இருந்தது. "சாப்பிட்டியா, கூட யாரு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே அடித்தார்.

ஸ்வர்ணா வேண்டுமென்றே வகை பொருந்தாத ஒரு பையைக் கொடுத்துப் பார்த்தாள். ‘ரத்த வகை பொருந்தவில்லை, கொடுக்கலாமா?’ என்று திரை கேட்டது. சிஸ்டர் சீட்டுக்காக முன்கூட்டியே அடித்துவைத்த ‘ஒய்’ அதற்குப் பதிலாகிவிட்டது. சீட்டு வராததால் சிஸ்டர் இன்னொரு தடவை அடித்தார். சீட்டும் வந்தது.

"அப்படியொரு கேள்வியே வரலையேம்மா," என்றார் அவர்.



"சிஸ்டர் திரையைப் பாத்து அடிக்கணும், அம்புட்டுத்தான். திங்கக்கிழமை குடுத்துருவோம்," என்றார் முதலாளி, வெளியே வந்ததும்.

"மூஞ்சியப் பாத்துப் பேசுறது அவங்க வேலை சார். நாமதான் தவசிக்கு எழுதிருக்கோம், இவங்களுக்கு எழுதல. இப்பக் குடுக்க வேணாம்," என்றாள் ஸ்வர்ணா.

ஆபீஸுக்கு வந்ததும் தவசியின் பொறுமையைப் பிடுங்கினாள். கேள்விக்குக் காத்திராமல் பதில்களை மொத்தமாகக் கொட்டும்படி மாற்றி ஓட்டினாள். என் புரோகிராம் ஃபெயில்.

"அழகுபாண்டி அண்ணே, இனி உங்க பாடு," என்றாள்.

எச்சரிக்கை வரும்போது, அதற்கு முன்னால் அடித்துவைத்ததையெல்லாம் புரோகிராம் தூக்கிப்போட வேண்டும். சத்தம் கொடுக்க வேண்டும். ‘ஒய்’ செல்லாது, நோயாளியுடையது, பையுடையது என இரண்டு ரத்த வகைகளையும் எழுத்தெழுத்தாக அடித்தால்தான் நகர வேண்டும். அப்படி மாற்றி எழுதினேன். திங்கட்கிழமை தவறிப்போனது. அடுத்த வாரம்தான் கொடுத்தோம்; அதுவரை முதலாளி எங்களிடம் முகம்கொடுத்துப் பேசவே இல்லை.

இருளாயிக்குப் பிரசவமான அன்று ரத்தம் வாங்க அதே கவுண்டரில் நின்றேன். அன்னக்கொடி சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க தம்பி. என்ன பிள்ள?" விரல்கள் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

"பொம்பளப் பிள்ள."

கம்ப்யூட்டர் கீச்சென்றது. விரல்கள் நின்றன. சிஸ்டர் திரைக்குத் திரும்பிப் படித்தார். பையை ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே போய் வேறொன்று எடுத்துவந்தார்.

"பக்கத்துப் பைய எடுத்துட்டேன்," என்றவர், மறுபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடிக்க ஆரம்பித்தார். "பிள்ள எம்புட்டு எடை?"

எடை எனக்குத் தெரியும். ஆனால் அழுகை முந்திக்கொண்டது.