தொட்டிக்குள் ஒரு பியானோ

"இதே போதுங்க."

"போதாது. வட்டல்ல கரண்டி உழுந்தாப்பல இருக்குது. கேட்டா சிரிப்பாங்க."

"நான் எப்படி வாசிக்கறேன்னுதானுங்க கேப்பாங்க. பொட்டி எப்படிக் கத்துதுன்னா கேப்பாங்க?"

கதிர்வேல் டேப்ரிக்கார்டரை நிறுத்தினான். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு உதிரிபாகங்கள் கடையும் பட்டறை அவனுடையது. பட்டறைக்குப் பின்னால் வீடு. முன்னறையில், பட்டறைக்கு பில் போட என்று தொண்ணூற்றெட்டு தீபாவளிக்கு வாங்கிய கம்ப்யூட்டர். இப்போது அதற்குள் ஒரு பியானோ இருந்தது. அவன் மனைவி சாந்தாமணி அதோடு வயரால் இணைத்த சின்ன கீபோர்டில் வாசிப்பதை அது அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு, எத்தனை முறை கேட்டாலும் அலுக்காமல் திருப்பி வாசித்தது. வாசிப்பு அவளுடையது. ஓசை மட்டும் யாருடையதாகவும் இல்லை.

கோத்தகிரியில் விடுதியோடு இருந்த ஒரு பள்ளிக்கு பியானோ டீச்சர் வேண்டியிருந்தது. அங்கேயே தங்க வேண்டும், மாதம் ஒருமுறை கீழே வரலாம். வாசித்து ஒரு கேசட்டில் பதிந்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அவள் கேட்டபோது, "போயிட்டு வா, அதுக்கென்ன" என்று சாப்பாட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னவன் அவன்தான். அன்றிலிருந்து ஓசையைச் சரிசெய்துகொண்டிருக்கிறான். எல்லாச் சுரமும் ஒரே அழுத்தத்தில் விழுகிறது என்று சிலவற்றை மெலிதாக்கினான். இரண்டு கையும் ராணுவ நடைபோல் சேர்ந்து விழுகிறது என்று ஒன்றை மயிரிழை பின்னால் தள்ளினான். ஒவ்வொரு முறையும் முன்னைவிட நன்றாகத்தான் வந்தது. ஒவ்வொரு முறையும் போதாது என்றான். இன்று புதன்.

குன்னூர் கான்வென்டில் அவள் படித்த காலத்துப் பியானோவைப் பற்றி ஒருநாள் விசாரித்தான்.

"மழக்காலத்துல ஒரு கட்டை உள்ள போனா மேல வராதுங்க. வாசிச்சுக்கிட்டே சுண்டு வெரல்ல தூக்கி உடோணும்."

"அது ரிப்பேரு."

"ஆமாங்க, ரிப்பேருதான்."

தொட்டி யோசனை இன்று காலைதான் வந்தது. கழுவுவதற்காகக் காலியாக்கிய சிமெண்டுத் தொட்டிக்குள் இறங்கி நின்றபோது இருமினான். இருமல் உருண்டு திரண்டு அவனிடமே திரும்பி வந்தது. கம்ப்யூட்டர் பியானோவுக்கு இல்லாதது இதுதான் என்று பட்டது. ஓசை தங்கிப் போக ஓர் இடம். ஆட்கள் சாப்பிடப் போய் லேத்துகள் ஓய்ந்த பிறகு, ஸ்பீக்கரை உள்ளே இறக்கி, குறுக்கே வைத்த கம்பில் மைக்கைக் கட்டித் தொங்கவிட்டு, வயரை ஜன்னல் வழியாக இழுத்தான். முன்னறையில் கம்ப்யூட்டர் வாசிக்க, தொட்டி முழங்கியது. பக்கத்து வீட்டுப் பாவாத்தாள் இடுப்பில் குடத்தோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க தம்பி, தண்ணி உடறீங்களாக்கும்னு வந்தேன். பாட்டையல்லோ உட்டுப்போட்டீங்க."

"தண்ணி கொஞ்சம் பொறுத்துங்க அக்கா."

"அதுவரைக்கும் பாட்டையே ரெண்டு கொடம் ஊத்துங்க."

ஜன்னலில் நின்ற சாந்தாமணி சிரித்துவிட்டாள். சிரிப்பும் பதிந்துபோனதால் முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. முழக்கம் அதிகம் என்று, எண்ணெய் துடைக்க வைத்திருந்த வேஸ்ட் பஞ்சு மூட்டைகளைத் தொட்டிக்குள் அடுக்கினான். மறுபடி பதிந்து, ஸ்பீக்கரை மேலே தூக்கிக்கொண்டு உள்ளே வந்து கேசட்டைப் போட்டான்.

முதல் சுரத்திலேயே தெரிந்துவிட்டது. கட்டையின் அடி விழுந்தது, அதற்குப் பின்னால் ஒரு பெரிய மரப்பெட்டி மூச்சு விட்டது. அடுத்த சுரம் முந்தையதன் மிச்சத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. அவன் அவளைப் பார்த்தான். அவள் தலையைக்கூட அசைக்கவில்லை. மடியில் கிடந்த கையின் சுண்டு விரல் மட்டும் ஓரிடத்தில் மடங்கி, எதையோ மேலே தூக்கி விட்டது. சற்றுப் பொறுத்து அந்தச் சுரம் திரும்ப வந்தபோது மறுபடியும் தூக்கி விட்டது.

"அடியில ஒரு எரைச்சல் இருக்குது," என்றான். "நாளைக்கு இன்னொருக்கா எடுக்கலாம்."

இரைச்சல் உண்மையிலேயே இருந்தது. கரண்டில் ஓடும் எதிலும் இருப்பதுதான். மோட்டார்களோடு வளர்ந்த காதுக்கு மட்டும் பிடிபடும்.

"எனக்குக் கேக்கலீங்க."

"எனக்குக் கேக்குது."

"உங்களுக்கு என்னமோ கேக்குதுங்க. அது எரைச்சல்தானான்னு தெரியல."

அவள் எழுந்து கேசட்டை வெளியே எடுத்தாள். அதன் முதுகிலிருந்த பிளாஸ்டிக் காதுகள் இரண்டையும் கொண்டை ஊசியால் நெம்பி உடைத்தாள். இனி அதன்மேல் யாரும் எதையும் பதிய முடியாது. முகவரி எழுதி வைத்திருந்த கவருக்குள் போட்டு, நாக்கால் ஈரம் தடவி ஒட்டினாள்.

வெளியே, சாப்பிட்டு வந்த ஆட்களில் யாரோ மோட்டாரைப் போட்டார்கள். தொட்டிக்குள் தண்ணீர் விழ ஆரம்பித்தது. பஞ்சு மூட்டைகள் உள்ளேயே இருப்பது கதிர்வேலுக்கு நினைவு வந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

அவள் கவரை அவன் முன்னால் நீட்டினாள்.

"இன்னைக்குத் தபால்லயே போட்டுட்டு வந்துருங்க. இல்லீன்னா, போகாதேன்னு வாயத் தொறந்து சொல்லிப்போடுங்க."

வெறும் தொட்டியில் விழுந்தபோது கணீரென்றிருந்த ஓசை, தண்ணீர் ஏற ஏற, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகிக்கொண்டிருந்தது.