ஆணியில் மாட்டிய சாவி

பிரிண்டரிலிருந்து வெளியே வந்த தாள் கைக்கு இன்னும் சூடாக இருந்தது. ஷஹீதா அதை ஒருமுறை உதறி, மேசைக்கு மறுபக்கம் நின்ற ராசம்மாளிடம் நீட்டினாள். ஆடி மாதத்துக் குளிர் கடைக்குள்ளேயே வந்து நின்றிருந்தது. மலைமேல் ஒண்டிக்கடை என்ற அந்த ஊர் முக்கில் எதிர்ப்பக்கத்துப் பேக்கரியின் பெயர்ப்பலகைகூடப் பனியில் தெரியவில்லை. ராசம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்து வரிவரியாக இறங்கி வந்தவள் ஐந்தாவது வரியில் நின்றாள்.

“‘எனது அறியாமையால்’னு போட்டிருக்குதுங்களே டீச்சரம்மா. அப்படின்னா என்னுங்க?”

“தெரியாம பண்ணிட்டேன்னு அர்த்தமுங்க அக்கா.”

“அது நெசந்தானுங்க,” என்று சொல்லி, ராசம்மாள் குனிந்து கையெழுத்துப் போட்டாள்.

அவள் மகள் மேனகா கடை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நேற்றிலிருந்து அம்மாவோடு பேச்சில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண். கல்லூரிக் கலந்தாய்வுக்கு ஷஹீதாதான் விண்ணப்பம் போட்டுக்கொடுத்தாள். சேலத்துக் கல்லூரி முதல் விருப்பம். அங்கே கிடைத்தால் வாரக்கடைசியில் பஸ் ஏறித் தங்கள் ஊரான மாரமங்கலத்துக்கு வந்துவிடலாம். அப்பா அங்கப்பன் மிளகு பறிக்க மரமேறி விழுந்து செத்துப்போய் நான்கு வருஷமாகிறது. அம்மாவை அதற்குமேல் தனியாக விட மேனகாவுக்கு மனமில்லை. பட்டியலைப் போட்டாகிவிட்டது, இன்னும் இரண்டு நாள் யோசித்துவிட்டு உறுதிசெய்கிறேன் என்று சொல்லிப் போனவள், செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தபோது பட்டியல் ஏற்கெனவே உறுதிசெய்யப்பட்டிருந்தது. முதலிடத்தில் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் கேள்விப்படாத ஒரு தனியார் கல்லூரி. அதை யார் மாற்றினார்கள் என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. சேலத்து உதவி மையத்தில் மனுக் கொடுத்துப் பார்க்கலாம், வியாழக்கிழமை கடைசி நாள் என்றார்கள். அந்த மனுதான் இது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் தாயும் மகளும் மலையிறங்க வேண்டும். மனு எடுபடாவிட்டால் மேனகாவின் படிப்பு அதோடு நின்றது.

அவர்கள் போனபிறகு ஷஹீதா நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தாள். வந்த அழைப்புகளின் பட்டியலைக் கீழே தள்ளினாள். திங்கட்கிழமை, காலை பதினொன்று நாற்பத்திரண்டு. ராசம்மாள், மாரமங்கலம். பத்தொன்பது விநாடி. நேற்றிலிருந்து இதோடு எத்தனை முறை பார்த்தாளோ, அவளுக்கே தெரியாது.

இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், அரசாங்கச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்கும் மையத்துக்கான உரிமம். ஷஹீதாவின் கடை அவ்வளவுதான். பக்கத்துக் கடையில் அவள் கணவன் தௌபீக் மிளகும் ஏலக்காயும் விற்றான். ஞாயிறு சந்தைக்கு மலைக்கிராமங்களிலிருந்து வரும் பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தை வீணாக்குவானேன் என்று ஷஹீதாதான் ஒரு வகுப்பு ஆரம்பித்தாள். காசு கிடையாது. கைப்பேசியையும் இன்டர்நெட்டையும் கண்டு பயப்படாமல் இருக்கச் சொல்லிக்கொடுப்பது. மறுமைக்குக் கொஞ்சம் சேர்த்து வைப்போமே என்ற எண்ணமும் அதில் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

புத்தகத்து வார்த்தைகள் அங்கே எடுபடாது என்று முதல் வாரமே புரிந்துபோயிற்று. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஊரிலிருந்தே ஓர் உவமை தேடினாள். சர்வர் என்றால் எஸ்டேட் குடோன், எல்லாருடைய சரக்கும் அங்கே இருக்கும், வேண்டியதை நாம் கேட்டு வாங்கலாம். பிரவுசர் என்றால் பஸ், எங்கே போகவேண்டும் என்று சொன்னால் கொண்டுபோய் விடும். குக்கீ என்றால், டீக்கடை மாரியப்பனுக்கு நமக்குச் சர்க்கரை கம்மி என்பது நினைவிருக்கிறதே, அந்த மாதிரி ஒரு நினைவுக் குறிப்பு. டவுன்லோடு என்றால் அங்கிருப்பதை நம் போனுக்குள் இறக்கிக்கொள்வது என்றபோது வாழவந்தி வெள்ளையம்மாள், “அப்போ எறக்குக் கூலி யாருங்க குடுக்கறது?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. சிரிப்போடு சொன்னது மனதில் நிற்கும் என்று ஷஹீதாவுக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது.

பாஸ்வேர்டு என்றால் வீட்டுச் சாவி. ஓடிபி என்றால் ஒரே ஒரு தடவை திறக்கிற சாவி.

இதைச் சொன்னதும் மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்க, ராசம்மாள்தான் உடனே தலையாட்டினாள். எனக்குப் புரிஞ்சு போச்சுங்க என்றாள். எவ்வளவு சூட்டிகை என்று ஷஹீதா நினைத்துக்கொண்டாள்.

ஷஹீதா பிறந்தது சேலம் கோட்டைப் பக்கம். அவள் அம்மாவின் இடுப்பில் சாவிக்கொத்து இல்லாமல் அவள் பார்த்ததில்லை. வீட்டுச் சாவி என்றால் அவளுக்கு அதுதான். மாரமங்கலத்தில் ராசம்மாள் குடியிருக்கும் பக்கத்தில் வழக்கம் வேறு. விடிந்தால் களைவெட்டுக்குப் போகிற வீடுகள் அவை. பூட்டிய சாவியைத் தாழ்வாரத்து உத்தரத்தில் அடித்த ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை எடுத்துக்கொள்ளும், விருந்தாளி வந்தால் எதிர்வீட்டுக்காரி எடுத்துத் திறந்துவிடுவாள். பூட்டு நாய்க்கும் குரங்குக்கும்தான். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனால், அக்கம்பக்கத்தாரைத் திருடர் என்று சொல்வதற்குச் சமம். கேட்டவருக்குச் சாவி இல்லை என்று சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது.

ஆகவே மேனகாவின் விண்ணப்ப எண்ணையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி, “பத்திரமா வெச்சுக்கோங்க அக்கா, இது உங்க ஊட்டுச் சாவி” என்று ஷஹீதா கொடுத்தபோது, ராசம்மாள் அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுபோய் அந்த ஆணியிலேயே மாட்டினாள். பத்திரமான இடம் அவளுக்கு அதுதான்.

திங்கட்கிழமை பிரபாகர் என்று ஒருவன் பைக்கில் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, வாய்க்கு வாய் அம்மா. கல்லூரியில் இடம் வாங்கித் தருபவனாம், பாப்பாவின் விண்ணப்பம் சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்றான். அந்தத் தனியார் கல்லூரிக்குக் கமிஷனுக்கு ஆள் சேர்ப்பவன் என்பது பிறகுதான் தெரிந்தது. மேனகா மதிப்பெண் பட்டியல் வாங்கப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். ராசம்மாள் அவனுக்குக் காப்பி கொடுத்தாள், ஆணியிலிருந்து கவரை எடுத்துக் கொடுத்தாள். பிறகு அவள் போனுக்கு ஓர் எண் வந்தது. அதைச் சொல்லுங்கம்மா என்றான். இது ஒரே தடவை திறக்கிற சாவி ஆயிற்றே என்று ராசம்மாளுக்கு ஒரு தயக்கம். ஷஹீதாவைக் கூப்பிட்டாள்.

அப்போது கடையில் பதினோரு பேர். சாதிச் சான்றிதழ், பட்டா நகல், அழுகிற குழந்தை ஒன்று, காகிதம் சிக்கிய பிரிண்டர். ஷஹீதா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். “எண்ணு ஒண்ணு வந்திருக்குதுங்க. வந்தவரு கேக்கறாரு. சொல்லிறலாமுங்களா?” என்றது குரல். காஸ் சிலிண்டர் கொண்டுவருபவன் இப்படித்தான் எண் கேட்பான், அதைச் சொன்னால்தான் சிலிண்டரை இறக்குவான். போன வாரம்தான் அதை வகுப்பில் சொல்லியிருந்தாள். “சொல்லிருங்க அக்கா. சொன்னாத்தான் குடுப்பாரு,” என்றாள். யார் வந்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் ஐந்து விநாடி ஆகியிருக்கும்.

நேற்று இதே கடையில் மேனகா அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். “ரோட்டுல போறவன் கேட்டாக்கூடக் குடுத்துருவியாம்மா? யாரையாச்சும் ஒரு வார்த்த கேக்கத் தோணலையா உனக்கு?” ராசம்மாள் நிமிர்ந்து ஷஹீதாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். “புத்தி இல்லாம பண்ணிட்டேன் கண்ணு,” என்றாள். அந்த இடத்தில் ஷஹீதா வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. உரிமம் நினைவுக்கு வந்தது. ஓடிபியைச் சொல்லச் சொன்னது மையத்துக்காரி என்று வெளியே தெரிந்தால் உரிமத்தை ரத்து செய்வார்கள். அதற்குப் பதிலாக இன்று மனுவைத் தன் கையாலேயே அடித்து, அறியாமை என்ற சொல்லையும் தானே தேடிப் போட்டு, அதன் கீழ் ராசம்மாளிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். அந்தக் கையெழுத்தைப் போடச் சொல்லிக்கொடுத்ததும் அவள் வகுப்பில்தான்.

தவறு செய்துவிடுவது மனிதருக்கு நேர்வதுதான். செய்த தவறை இன்னொருவர் தலையில் ஏற்றிவைத்து, பக்கத்தில் நின்று பார்ப்பது தானாக நேர்வதல்ல. அதை நாமேதான் செய்ய வேண்டும்.

நண்பகல் ளுஹர் தொழுகைக்குக் கடையின் பின்னறையில் பாயை விரித்தாள். தொழுது முடித்துக் கையேந்தியபோது கேட்க ஒன்றும் வரவில்லை. மனிதருக்குச் செய்த தீங்கை அந்த மனிதர் பொறுத்துக்கொள்ளாதவரை இறைவனும் பொறுப்பதில்லை என்று அவள் அத்தா சொல்லிக்கொடுத்திருந்தார். ஏந்திய கையை அப்படியே இறக்கினாள்.

தௌபீக்கிடம் போய்ச் சொன்னாள். அவன் மிளகு அளந்துகொண்டிருந்தவன் நிறுத்தினான். வேண்டுமென்றா சொன்னாய், உரிமம் போனால் என்ன செய்வாய் என்றெல்லாம் கேட்டான். அவள் கைப்பேசியில் அந்தப் பத்தொன்பது விநாடி அழைப்பை எடுத்துக் காட்டினாள். அவன் அளக்கும் படியை மிளகு மூட்டைக்குள்ளேயே வைத்துவிட்டு எழுந்தான்.

“ரெண்டு மணிக்கு மாரமங்கலம் பஸ் இருக்குது. குடை எடுத்துட்டுப் போ. ஜெராக்ஸ் போட எனக்கும் தெரியும்,” என்றான்.

அவள் இன்னொரு மனுவை அடித்தாள். அதில் அறியாமை என்ற சொல் இல்லை.

மாரமங்கலத்தில் இறங்கி, காப்பித் தோட்டத்து ஓரமாகக் கால்மணி நேரம் நடந்தாள். தூறலும் பனியும் பிரித்தறிய முடியாதபடி விழுந்துகொண்டிருந்தன. ராசம்மாளின் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த பெண், யார், எந்த ஊர் என்று எதுவும் கேட்கவில்லை.

“களவெட்டுக்குப் போயிருக்குதுங்க, வந்துரும். சாவி ஆணியில இருக்குது பாருங்க. தொறந்து உள்ள உக்காருங்க, நனையாதீங்க.”

ஷஹீதா கையை உயர்த்தித் தேடினாள். ஆணி கிடைத்தது. சாவி குளிர்ந்திருந்தது. அதே ஆணியில் அந்தப் பிளாஸ்டிக் கவர் வெறுமையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சாவியை எடுத்தாளே தவிர, பூட்டில் நுழைக்க அவளுக்குக் கை வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, சாவியை உள்ளங்கையில் இறுக்கி வைத்துக்கொண்டாள். உள்ளே போய் உட்காரச் சொல்லி அந்தப் பெண் இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு சாக்கைக் கொண்டுவந்து அவள் தோளில் போட்டுவிட்டுப் போனாள்.

நான்கு மணிவாக்கில் ராசம்மாள் களைக்கொத்தோடு வந்தாள். தலையில் போட்டிருந்த பாலித்தீன் தாளிலிருந்து தண்ணீர் சொட்டியது. “ஏனுங்க டீச்சரம்மா, தொறந்து உள்ள போகாம?” என்று பதறினாள்.

ஷஹீதா எழுந்து நின்றாள்.

“அக்கா, அன்னிக்கு நீங்க போன் பண்ணுனீங்க. நாந்தான் சொல்லச் சொன்னேன்.”

“தெரியுமுங்களே,” என்றாள் ராசம்மாள்.

“பின்ன ஏன் மேனகாகிட்ட சொல்லல? அவ உங்கள அப்படிப் பேசுறா. நான் கல்லாட்டம் நின்னேன்.”

ராசம்மாள் களைக்கொத்தைச் சுவரில் சாய்த்தாள். காலில் ஒட்டிய மண்ணைக் கல்லில் தேய்த்தாள். “எம்மேல கோவிச்சுக்கிட்டா ரெண்டு நாளு பேசமாட்டா, அப்பறம் பசிச்சா வந்துருவா. உங்க மேல கோவிச்சுக்கிட்டா உங்க கடைப்படி ஏறமாட்டா. அப்பறம் அவளுக்கு இதெல்லாம் யாருங்க சொல்லிக் குடுக்கறது? எனக்கா தெரியும்?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “மனசு வலிச்சுதுங்க. இல்லீன்னு சொன்னாப் பொய்யி,” என்றாள்.

ஷஹீதாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

மேனகா பாதையில் வருவது தெரிந்தது. குடையில்லாமல், துணிப்பையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு வந்தாள். ராசம்மாள் தாழ்ந்த குரலில், “விடுங்க டீச்சரம்மா. நாளைக்குச் சேலம் போய்ட்டு வந்தப்பறம் பாத்துக்கலாம்,” என்றாள். ஷஹீதா முடியாது என்று தலையை அசைத்தாள். பெண் பக்கத்தில் வந்ததும் தன் பையிலிருந்த புது மனுவை எடுத்து நீட்டினாள்.

மேனகா வேகமாகப் படிக்கிறவள். ராசம்மாள் தன்னிடம் கேட்டுவிட்டே எண்ணைச் சொன்னார் என்றும், விசாரிக்காமல் சொல்லச் சொன்னவள் தானே என்றும், இந்தப் பெண்ணின் எதிர்காலத்துக்காக அதற்குரிய நடவடிக்கையை ஏற்பதாகவும் எழுதி, ஷஹீதா கையெழுத்துப் போட்டு மைய எண்ணையும் குறித்திருந்தாள். படித்து முடித்த மேனகா மறுபடி மேலேயிருந்து படித்தாள். அம்மாவைப் பார்த்தாள். ராசம்மாள் சேலையைப் பிழிவதுபோல் திரும்பிக்கொண்டாள்.

“இத குடுத்தா உங்க கடைக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?”

“ஆவும் கண்ணு. ஆகாமயும் போவும். எனக்குத் தெரியல.”

“குடுத்தா எனக்கு மாத்திக் குடுப்பாங்களா?”

“அதுவும் தெரியல. மொத பஸ் ஒண்டிக்கடைக்கு வரும்போது நானும் ஏறிக்கறேன். அவங்க முன்னாடி நின்னு என் வாயாலயும் சொல்றேன்.”

மேனகா மனுவை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினாள். அவள் கேட்பது சாவியை என்று புரிய ஷஹீதாவுக்குச் சற்று நேரமாயிற்று. விரல்களைப் பிரித்தபோது உள்ளங்கையில் சாவியின் பற்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. மேனகா பூட்டைத் திறந்து, அம்மாவுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். “நனஞ்சுட்டு நிக்காத, போ உள்ள,” என்றாள். இரண்டு நாளில் அவள் அம்மாவிடம் பேசிய முதல் வார்த்தை அது.

உள்ளே அடுப்பு மூட்டும் சத்தம் கேட்டது. மூன்று டம்ளர்களைக் கழுவி வைக்கும் சத்தமும் கேட்டது. மேனகா ஆணியிலிருந்து வெற்றுக் கவரை எடுத்து உதறி, மனுவை இரண்டாக மடித்து அதற்குள் நனையாமல் வைத்தாள். அதை மாட்டப் பழக்கத்தில் கை மேலே ஆணிக்குப் போயிற்று. பாதியில் நின்றது. எதிர்வீட்டுக்காரி உரித்த அவரையை முறத்தில் அள்ளியபடி இவர்களைப் பார்த்துச் சிரித்தாள். தாழ்வாரத்து ஓட்டிலிருந்து தண்ணீர் ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு கையில் கவரும் மறுகையில் சாவியுமாக மேனகா அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.