தள்ளிப்போன இரண்டாம் அத்தியாயம்

ரஸ்ஸல் கோவாச் அந்த ஜனவரியில் ஒரு பொய் சொன்னான். பெரிய பொய்யெல்லாம் இல்லை, ஈமெயிலில் ஒரே வரி.

அமெரிக்காவில் டொலீடோ நகரத்தில் ஒரு சமுதாயக் கல்லூரி. அங்கே மனித உடலியங்கியல் நடத்துகிற தற்காலிக ஆசிரியன் அவன். கையில் இருந்த மூன்று வகுப்பில் இரண்டைப் பிடுங்கிவிட்டார்கள். மிச்சம் இது ஒன்றுதான். பருவம் தொடங்கிப் பதினைந்தாம் நாள் கல்லூரி தலை எண்ணும். பதினெட்டுப் பேர் இருந்தால் வகுப்பு உண்டு, பதினேழு என்றால் மூட்டை கட்டவேண்டியதுதான். மாணவர்களுக்கும் அன்றைக்குத்தான் கெடு. அதற்குள் விலகினால் பதிவில் ஒரு கறையும் விழாது.

பதினெட்டாவதாகச் சேர்ந்தவள் வெர்னா டிப்டன். நாற்பத்தாறு வயது, அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். முதியோர் இல்லத்தில் பதினான்கு வருஷமாகக் கிழடுகளைக் குளிப்பாட்டித் துணி மாற்றுகிறாள். நர்ஸ் ஆக வேண்டும். இந்தப் பாடத்தில் மதிப்பெண் கெட்டால் நர்ஸிங் பள்ளி அவளை ஏறெடுத்தும் பார்க்காது.

சேர்ந்த அன்றே எழுதிக் கேட்டாள். "கெமிஸ்ட்ரியில நான் ரெண்டு தடவை பெயில். உங்க பாடத்துல அது எவ்வளவு வரும்? மறைக்காம சொல்லுங்க. நிறைய இருந்தா இப்பவே விலகிடறேன்."

"மிகக் கொஞ்சம்தான். பயப்படாதீர்கள்" என்று தட்டி அனுப்பிவிட்டான்.

ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டுமே. புத்தகத்தில் இரண்டாம் அத்தியாயம் முழுக்க கெமிஸ்ட்ரி. அதை அப்படியே தாண்டி இதயம், ரத்த அழுத்தம் என்று கதையாக ஓட்டினான். வகுப்பு சந்தோஷமாக இருந்தது. வெர்னாதான் அதிகம் பேசினாள்.

"மூச்சுல பழ வாசனை அடிச்சா சர்க்கரை எகிறிடுச்சுன்னு அர்த்தம். மெஷின் வர்றதுக்கு முன்னாடியே நான் சொல்லிடுவேன்" என்றாள் ஒரு நாள். அது ஏன் என்று சொல்ல வாயெடுத்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். சொன்னால் கெமிஸ்ட்ரி வந்துவிடும்.

துறைத் தலைவி ஜோன் வராந்தாவில் மடக்கினாள். "எத்தனை தலை, ரஸ்?"

"பதினெட்டு."

"கெட்டியா பிடிச்சுக்கோ. ஒண்ணு நழுவினாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பதினைந்தாம் நாள் வகுப்புக்கு முன்னால் வெர்னா அவன் மேஜைக்கு வந்தாள். "இந்த வகுப்புக்காகப் பகல் டூட்டிய விட்டுட்டேன், புரொஃபசர். போறதா இருந்தா இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள போகணும். இன்னொரு தடவை சொல்லுங்க, நான் இருக்கலாமா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"நீங்க நல்லாத்தானே பண்ணிட்டிருக்கீங்க" என்றான். அவள் நம்பிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது.

மறுநாள் பலகை நிறைய எழுதினான். கார்பானிக் அமிலம், ஹைட்ரஜன், பைகார்பனேட், இந்தப் பக்கம் ஒரு அம்பு, அந்தப் பக்கம் ஒரு அம்பு. வெர்னா பேனாவைக் கீழே வைத்தாள். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

ரஸ்ஸலுக்குக் கல்லூரியில் தனி அறை கிடையாது, புத்தகங்கள் எல்லாம் காரின் பின்சீட்டில். வகுப்பு முடிந்து இன்ஜினைப் போட்டு ஹீட்டருக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தபோது அவள் கேட்காமலேயே கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்தே உங்களுக்கு இது தெரியும்."

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க போனா பதினேழு. வகுப்பே போயிடும். என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் தேவலை. அவள் கண்ணாடியில் அப்புகிற பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிஜமா எவ்வளவு இருக்கு?"

"எல்லாமே அதுதான், வெர்னா. மூச்சு, நரம்பு, சிறுநீரகம்... எதைத் தொட்டாலும் அடியில அதுதான்."

"மே மாசம் வரைக்கும்?"

"மே மாசம் வரைக்கும்."

அவள் கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க மூஞ்சியப் பாத்தாலே இனிமே எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆனா போறதுக்கு வழிய நீங்க அடைச்சாச்சு. அதனால தினமும் வகுப்பு முடிஞ்சதும் இங்க வந்து உக்காருவேன். எனக்குப் புரியற வரைக்கும் நீங்க வண்டிய எடுக்கக் கூடாது."

ரஸ்ஸல் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான்.