சுவும் சாவும்

பம்பின் ரப்பர் குழாயை இரண்டு பேர் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அது கான்கிரீட்டைத் துப்பும்போதெல்லாம் அவர்களையும் சேர்த்து உதறியது. கம்பி வலை மேல் போட்டிருந்த பலகையில் நின்றபடி, பீமை நிரப்பிவிட்டு அப்புறம் ஸ்லாப்புக்குப் போகும்படி அவள் கத்தினாள். காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அப்போது பையில் போன் அதிர்ந்தது.

தம்பி. வீட்டில் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்திருப்பவன். போன வாரம் ஆஸ்பத்திரியில், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆனால் இன்று பள்ளிக்கூடக் கூடத்தின் கூரைக்குக் கான்கிரீட் போடும் நாள். அவர் எடுத்த ஒப்பந்தம், அவர் போட்ட அஸ்திவாரம். மனிதர் விடிந்ததிலிருந்து கண் அசரவில்லை. ஞாபகம் வரும்போதெல்லாம் "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். தம்பி உடனே போன் போட்டு, "பெரிய இன்ஜினியர் கேக்கறாரு, முடிஞ்சிருச்சா?" என்பான், அப்பாவைத்தான் அப்படிச் சொல்வான். இவள் இல்லை என்பாள். காலையிலிருந்து இதே பாட்டு.

ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறுகாதில் போனை அழுத்தினாள். பக்கத்திலேயே கான்கிரீட்டைக் குலுக்கிப் படியவைக்கும் வைப்ரேட்டர் பீமுக்குள் இறங்கி அலறிக்கொண்டிருந்தது.

"அக்கா... முடிஞ்சிருச்..."

மிச்சத்தை வைப்ரேட்டர் விழுங்கிவிட்டது.

"இன்னும் பாதி இருக்குடா. நல்லா போயிட்டிருக்கு, மழை கிழை ஒண்ணும் இல்லன்னு அப்பாகிட்ட சொல்லு."

அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

"சரிக்கா" என்றான் தம்பி கடைசியில். "சொல்லிடறேன்."

போனைப் பையில் போட்டுக்கொண்டு நாலு எட்டு வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இந்தத் தடவை அவன் பெரிய இன்ஜினியர் என்று சொல்லவில்லை. சொன்னது ஒரே சொல். அதன் வால் சாவா, சுவா? சா என்றால் கேள்வி. சு என்றால் செய்தி.

கை தானாகப் பைக்குள் போய்ப் போனைப் பிடித்தது. அங்கேயே நின்றுவிட்டது.

கூரையின் அந்தக் கோடியில் கைப்பிடிக் கட்டை ஓரமாகப் பள்ளிக்கூடத் தரப்பின் மேற்பார்வை இன்ஜினியர் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்தால் "ஆனால்" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் வேலையாட்கள் அவருக்கு 'ஆனால் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கம்பி கட்டியது சரி, ஆனால். கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலம்தான், ஆனால். ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு, அதை அவளுக்கு முதலில் எடுத்துக் காட்டியவரே அவர்தான். ஒப்பந்தக்காரர் தனி ஆள் என்பதால், அவர் இறந்தால் அந்த நிமிஷமே ஒப்பந்தம் நின்றுவிடும். அதற்கு மேல் யாரை வைத்து வேலையைத் தொடர்வது என்பது பள்ளிக்கூடத்தின் விருப்பம். தன் மகளையும் கூட்டாளியாகச் சேர்க்கச் சொல்லி அப்பா படுக்கையில் விழுந்ததுமே கேட்டார். பார்க்கலாம் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்படியானால், வந்தது சு என்றால், இந்தக் கூரையில் நின்று உத்தரவு போட இப்போது அவளுக்கு எந்த உரிமையும் இல்லை. தெரிந்துகொண்டால் சொல்லியாக வேண்டும். சொன்னால் ஆனால் சார் வேலையை நிறுத்துவார், நிறுத்தத்தான் வேண்டும். அவர் நிறுத்தாவிட்டாலும் மேஸ்திரி நிறுத்திவிடுவார். அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பாவோடு இருப்பவர். முதலாளி போன செய்தி கேட்டால் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார், அவர் உட்கார்ந்தால் ஒரு ஆள் எழுந்திருக்க மாட்டான்.

கூரைக் கான்கிரீட் என்பது அரைக்கிணறு தாண்டுகிற காரியம் இல்லை. நடு பீமில் நின்றுபோனால், போட்ட பாதி இறுகிவிடும், நாளை போடும் பாதி அதோடு ஒட்டாது. மேலே பூசி மறைத்தாலும் உள்ளே அந்தக் கோடு இருக்கும். கீழே பிள்ளைகள் உட்காரப்போகிற கூடம். உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது, அது அவளுக்கும் தெரியும். இருந்தும் போனை விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தாள்.

"மேஸ்திரி, அந்த ஓரத்துல ஓட்டை ஓட்டையா தேன்கூடு விழுந்துடப் போகுது. வைப்ரேட்டரை நல்லா எறக்கச் சொல்லுங்க."

குரல் வழக்கம்போலவே வந்தது. அதில் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பம்ப் அடைத்துக்கொண்டது.

குழாய் ஒருமுறை இருமிவிட்டு ஓய்ந்தது. கீழே பம்ப்காரர் இன்ஜினை அணைத்தார். வைப்ரேட்டரையும் நிறுத்தினார்கள். காலையிலிருந்து காதைத் துளைத்த சத்தம் நின்றதும், தெருவில் யாரோ கதவைச் சாத்துவதுகூடக் கேட்டது. மேஸ்திரி குழாயின் வளைவுகளைச் சுத்தியால் தட்டிக்கொண்டே இறங்கினார். எங்கே ஓசை மந்தமாகக் கேட்கிறதோ அங்கேதான் அடைப்பு.

அவளுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. போட்ட கான்கிரீட்டின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் அழுத்திப் பார்த்தாள். இன்னும் குழைவாக இருந்தது. மத்தியான வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இப்போது போன் செய்தால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்கும். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. தம்பியும் திரும்பக் கூப்பிடவில்லை. காலையிலிருந்து ஓயாமல் கூப்பிட்டவன்.

அப்பா, எனக்குத் தெரியாது, எனக்கு எதுவும் தெரியாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நிழல் ஒன்று பக்கத்தில் விழுந்தது. ஆனால் சார்.

விளிம்பு இறுகிவிட்டால் அவரால் அனுமதிக்க முடியாது என்றார். தெரியும் சார் என்றாள். அடைப்பு எடுபடாவிட்டால் எந்த இடத்தில் நிறுத்தப்போகிறாள் என்று கேட்டார். நிறுத்தமாட்டேன், ஆட்களை வைத்துச் சட்டியில் சுமந்தாவது போடுவேன் என்றாள். அவர் அவளையே பார்த்தார். பிறகு அவள் கை பையின் மேலேயே இருப்பதைப் பார்த்தார்.

"அப்பா எப்படி இருக்காரு?"

கையைப் பையின் மேலிருந்து எடுத்தாள்.

"காலைல பேசினாரு சார்."

"நான் இப்பக் கேக்கறேன்."

"காலைலதான் சார் கடைசியா பேசினேன்."

அது பொய் இல்லை. ஆனால் 'கடைசியா' என்று ஏன் சொன்னோம் என்று சொன்ன பிறகுதான் யோசித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"ஆனால்..." என்றார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய இடத்துக்கே நடந்துபோனார்.

கீழே ஏதோ உடைபட்ட சத்தம், அடுத்து இன்ஜின் உறுமியது. குழாய் நெளிந்தது. அடைப்பை எடுத்துவிட்ட மேஸ்திரி முகமெல்லாம் சிமெண்ட் பாலாக ஏணியில் ஏறிவந்து, "என்ன பாப்பா, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு? பம்புக்குத்தான் அடைப்பு, ஒனக்கில்ல" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் விளிம்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த மனிதரிடம் மறைக்கிறோமே என்பதுதான் எல்லாவற்றையும்விட உறுத்தியது.

அதன்பிறகு அவள் ஆட்களை விரட்டிய விரட்டலில் தண்ணீர் குடிக்கக்கூட ஒருவரும் நிற்கவில்லை. கடைசி மூலையை நிரப்பி, மட்டப்பலகையை இழுத்து, மேஸ்திரி கரண்டியால் ஒரு தடவு தடவிவிட்டு நிமிர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மேற்பார்வை இன்ஜினியர் விளிம்புகளைச் சுற்றிவந்து பார்த்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. மேற்பரப்பு இறுகியதும் ஈரச் சாக்கு போட்டுத் தண்ணீர் விடுவதை மேஸ்திரி பார்த்துக்கொள்வார், நீ வீட்டுக்குப் போம்மா என்று மட்டும் சொன்னார். அம்மா என்று அவர் அவளை அழைத்தது அதுதான் முதல் தடவை.

வண்டி ஓட்டிவந்த வழி எதுவும் நினைவில்லை. தெரு எப்போதும்போல இருந்தது. வாசலில் கூட்டம் இல்லை, செருப்புகள் இல்லை. எதிர்வீட்டுப் பெண் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்து, "இன்னிக்கு சீக்கிரமே வந்துட்டே போல" என்று சிரித்தாள். ஒரு நொடி இவளுக்கு உயிர் வந்தது. சாதான். கேள்விதான் அது. படியில் இரண்டிரண்டாக ஏறினாள்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டியதும் தம்பி திறந்தான், அவள் நுழைந்ததும் மறுபடி தாழிட்டான். இந்தப் புழுக்கத்திலும் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

அப்பாவின் கைகளை மார்பின் மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். வாய் திறந்துகொள்ளாமல் தாடையைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தார்கள்.

தம்பி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நீ சொல்லச் சொன்னத அவர் காதுல சொல்லிட்டேன்க்கா. மழை இல்லன்னும் சொன்னேன்."

கட்டிலை ஒட்டித் தரையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு துண்டைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டிருந்தாள். துண்டு நனைந்துபோயிருந்தது. ஒப்பந்தக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள், கான்கிரீட் நாளில் எது கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே ஒரு சத்தம் கிளம்பினால் தெருவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரிந்தால் மேஸ்திரியின் போன் அடிக்கும். மத்தியானத்திலிருந்து அவள் அழவில்லை.

மகளின் சேறு காய்ந்த பூட்ஸைப் பார்த்தாள். துண்டை வாயிலிருந்து எடுத்தாள்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சும்மா."

அம்மா தலையை ஆட்டினாள். துண்டை மடித்துப் பக்கத்தில் வைத்தாள். தம்பி எழுந்துபோய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தான்.